கூட்டிப் பார்க்காமல் படித்த தொடர்கள்: ஜியா சராயில் நான் தொலைத்த எட்டு மாதம்

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதத் தாளுக்குப் படிக்க டெல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கிளம்பியபோது இதையெல்லாம் சொல்ல எனக்கு யாரும் இல்லை. எங்கள் ஊர் சாத்தூர். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்ஸி. கணிதம், கல்லூரியில் முதல் மாணவி. அந்த முதல் இடத்தை நம்பித்தான் அம்மா தன் இரண்டு வளையல்களை அடகு வைத்தார். ஜூலை மாதம் மதுரையில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி நிஜாமுதீனில் இறங்கினேன்.

ஜியா சராய் ஐ.ஐ.டி. டெல்லியை ஒட்டி இருக்கும் பகுதி. குறுகலான சந்துகள், சந்துக்கு இரண்டு ஜெராக்ஸ் கடை, கடை வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பைரல் பைண்டிங் நோட்ஸ், மேலே பார்த்தால் கோச்சிங் போர்டுகள். நான் சேர்ந்த இடத்தில் கட்டணம் 48,000 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் 4,000 குறைப்போம் என்றார்கள், 44,000-ஐ அன்றைக்கே கட்டிவிட்டேன். ரசீதின் பின்பக்கத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்று அச்சடித்திருந்ததை அறைக்கு வந்த பிறகுதான் படித்தேன். டெமோ வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து வகுப்பு முக்கால்வாசி இந்திக்குப் போய்விட்டது. யாராவது சேர்வதாக இருந்தால் டெமோ வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேட்ச்சில் பாதி நாள் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். பணத்தைத் தவணையில்தான் கட்டுங்கள்.

முடிவிலாத் தொடர்கள், அதாவது முடிவே இல்லாமல் எண்களைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்குகள், செப்டம்பரில் வந்தன. மொத்தம் நான்கு வகுப்புகள். சார் போர்டில் வரிசையாக டெஸ்ட்டுகளை எழுதினார். ஒப்பீட்டு டெஸ்ட், ரேஷியோ டெஸ்ட், ரூட் டெஸ்ட், ராபே டெஸ்ட், இன்டெக்ரல் டெஸ்ட், லைப்னிட்ஸ் டெஸ்ட் என்று பதினொன்று. எது எப்போது வேலை செய்யும் என்று இரண்டு பக்க அட்டவணை. நான் அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி, காலையும் மாலையும் மனப்பாடம் செய்தேன். எதற்காக ஒரு தொடர் ஒருங்குகிறது, அதாவது கூட்டக் கூட்ட ஓர் எண்ணை நெருங்கி நிற்கிறது, இன்னொன்று ஏன் அப்படி நிற்காமல் விரிந்துகொண்டே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் மொழி வரவில்லை. ஒருமுறை தைரியமாகக் கேட்டதற்கு, "ரூல் லகாவோ" (விதியைப் போடு) என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

அக்டோபர் மாதிரித் தேர்வில் தொடர்களிலிருந்து ஆறு கேள்விகள் வந்தன, ஒன்றுதான் சரி. தவறியதில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, அடுக்காக ஒன்றோடு அந்த எண்ணின் தலைகீழியைக் கூட்டிப் போட்டு, ஒன்றை அதால் வகுத்து, வருவதையெல்லாம் கூட்டினால் ஒருங்குமா விரியுமா என்பது கேள்வி. அதாவது பத்தாவது உறுப்பில் 10-இன் அடுக்கு 1.1, நூறாவது உறுப்பில் 100-இன் அடுக்கு 1.01. அடுக்கு ஒன்றைவிடப் பெரிது என்றால் ஒருங்கும் என்று என் அட்டவணை சொன்னது, நானும் ஒருங்கும் என்று போட்டேன். விடை விரியும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அப்பா போனில், "எப்படிம்மா போகுது கிளாஸ்?" என்று கேட்டார். "நல்லாப் போகுதுப்பா" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். ஒரு பொய்யை வாராவாரம் சொல்வது படிப்பைவிடக் களைப்பாக இருந்தது.

நவம்பரில் டெல்லியைப் புகை மூடியது. எனக்கு இருமல் பிடித்து நெஞ்சு வலி வரை போனது. வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பத்து நாள் அறையிலேயே இருந்தேன். கண் எரிச்சலில் நோட்ஸின் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. கையில் இருந்தது வாடகைக் கணக்கு எழுதும் நோட்டும் ஒரு கேசியோ கால்குலேட்டரும்தான். சும்மா படுத்திருக்க முடியாமல் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டத் தொடங்கினேன். இசைத் தொடர் விரியும் என்று அட்டவணையில் நூறு தடவை படித்திருக்கிறேன், ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை.

நான்காவது உறுப்பில் கூடுதல் 2-ஐத் தாண்டியது. 3-ஐத் தாண்டப் பதினொன்று உறுப்புகள். 4-ஐத் தாண்ட 31. அதற்குள் ஒவ்வொரு உறுப்பும் தூசி அளவுக்குச் சின்னதாகிவிட்டது, இனி இது எங்கேயாவது நின்றுவிடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நிற்கவில்லை. நடுவில் ஓர் எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 83-ஆவது உறுப்பில் 5-ஐத் தாண்டினேன். ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது. ராத்திரி என் அறைத்தோழி, ஒடிசாப் பெண், தன் லேப்டாப்பைத் தந்தாள். எக்செல்லில் இழுத்தேன். 6-ஐத் தாண்ட 227, 7-க்கு 616, 8-க்கு 1674, 9-க்கு 4550, 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள். பக்கத்துப் பக்கத்து எண்களை வகுத்துப் பார்த்தேன். 227-ஐ 83-ஆல் வகுத்தால் 2.73, 616-ஐ 227-ஆல் வகுத்தால் 2.71, 1674-ஐ 616-ஆல் வகுத்தால் 2.72. பல வருடமாகப் பாடப்புத்தகத்தில் e என்ற எழுத்தாகப் பார்த்த 2.718 என்ற எண் என் வாடகை நோட்டில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. இந்தக் கூடுதல் லாக் வேகத்தில் வளர்கிறது என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு முழு எண்ணைத் தாண்டவும் முன்பைவிட 2.7 மடங்கு உறுப்பு வேண்டும், ஆனால் அந்த உறுப்புகள் எப்போதும் இருப்பில் இருக்கின்றன. அந்த ராத்திரி இருமலோடு எனக்கு வந்த சந்தோஷத்தை, கல்லூரியில் முதல் இடம் வந்த நாளில்கூட நான் அனுபவித்ததில்லை.

அது ஏன் நிற்காது என்பதற்கு 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் நிக்கோல் ஒரேம் என்பவர் காரணம் சொல்லிவிட்டார். 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் அரைக்கு மேல், ஏனென்றால் இரண்டுமே 1/4-க்குக் குறையாதவை. 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள், எதுவும் 1/8-க்குக் குறையாது, ஆகவே அதுவும் அரைக்கு மேல். அடுத்த எட்டு உறுப்புகளிலும் அப்படியே, அதற்கடுத்த பதினாறிலும் அப்படியே. அரையை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் கூடுதலுக்கு உச்சவரம்பு எப்படி இருக்கும்? இந்த நான்கு வரியை யாராவது செப்டம்பரில் எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்கங்களைக் கூட்டினேன். பத்து உறுப்பில் 1.5498. நூறில் 1.6350. ஆயிரத்தில் 1.6439. இது ஏதோ ஒரு வேலிக்குள் மாட்டிக்கொண்டது கண்ணுக்கே தெரிந்தது. வேலியை நாமே போடலாம். 1/4 என்பது 1/(1×2)-ஐவிடச் சின்னது, 1/9 என்பது 1/(2×3)-ஐவிடச் சின்னது, 1/16 என்பது 1/(3×4)-ஐவிடச் சின்னது. 1/(1×2) என்பதை 1 − 1/2 என்றும், 1/(2×3) என்பதை 1/2 − 1/3 என்றும் எழுதினால் நடுவில் இருப்பதெல்லாம் அடிபட்டுப் போகும், கூடுதல் 1-ஐத் தாண்டாது. முதல் உறுப்பான 1-ஐயும் சேர்த்தால் மொத்தம் 2-க்குள் அடக்கம். அந்த வேலிக்குள் சரியாக எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கடினம். 1650-இல் மெங்கோலி எழுப்பிய அந்தக் கேள்விக்கு 1734-இல்தான் ஆய்லர் விடை கண்டார்: பையின் (π) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1.6449. ஒருங்குகிறதா என்பது ஒரு கேள்வி, எங்கே ஒருங்குகிறது என்பது வேறு கேள்வி. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு, விடை கண்டுபிடிக்க முடியாத கணக்குகளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். தேர்வில் பெரும்பாலும் கேட்பது முதல் கேள்வி.

இந்த இரண்டு தொடரையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டிலும் உறுப்புகள் பூஜ்ஜியத்தை நோக்கித்தான் போகின்றன. பூஜ்ஜியத்துக்குப் போகாவிட்டால் தொடர் நிச்சயம் விரியும், அதை முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூஜ்ஜியத்துக்குப் போவது மட்டும் போதாது, எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டெஸ்ட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சீக்கிரத்தை அளக்கும் வெவ்வேறு கோல்கள். ரேஷியோ டெஸ்ட், ஓர் உறுப்பை அதற்கு முந்தையதால் வகுத்துப் பார்த்து, உங்கள் தொடரை 1/2 + 1/4 + 1/8 மாதிரியான பெருக்குத் தொடரோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். பெருக்குத் தொடர் மிக வேகமாகச் சிறுக்கும். பத்து உறுப்பு கூட்டினால் மீதி 1/1024-தான். வர்க்கத் தொடரில் நூறு உறுப்பு கூட்டிய பிறகும் மீதி கிட்டத்தட்ட 0.01 இருக்கிறது. அந்த அளவு மெதுவாகச் சிறுக்கும் தொடரில் ரேஷியோ டெஸ்ட் 1 என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இசைத் தொடருக்கும் 1, வர்க்கத் தொடருக்கும் 1. ஒன்று விரியும், ஒன்று ஒருங்கும். நான் எதைப் பார்த்தாலும் முதலில் ரேஷியோ டெஸ்ட் போட்டு, 1 வந்ததும் அட்டவணையில் அடுத்ததுக்குத் தாவி, தேர்வில் ஒரு கணக்குக்குப் பத்து நிமிடம் செலவழித்துக்கொண்டிருந்தேன். ஃபாக்டோரியலும் அடுக்கில் எண்ணும் இருந்தால் ரேஷியோ போடுங்கள். வெறும் பல்லுறுப்புக் கோவைகளின் வகுத்தல் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள், மேலே உள்ள பெரிய அடுக்கையும் கீழே உள்ள பெரிய அடுக்கையும் பார்த்து, 1/எண் அல்லது 1/வர்க்கத்தோடு நேரே ஒப்பிடுங்கள்.

அக்டோபரில் விட்ட அந்தக் கணக்கும் இப்போது விழுந்தது. 100-இன் அடுக்கு 0.01 எவ்வளவு என்று கால்குலேட்டரில் போட்டேன், 1.047. ஆயிரத்தின் அடுக்கு 0.001 என்றால் 1.007. அந்தக் கூடுதல் அடுக்கு ஒன்றுமே செய்யவில்லை. மிஞ்சிப் போனால் மூன்றாவது உறுப்பில் 1.442 வரை போகிறது. ஆகவே ஒவ்வோர் உறுப்பும் இசைத் தொடரின் உறுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாது. இசைத் தொடர் விரிகிறது என்றால் இதுவும் விரிய வேண்டியதுதான். அட்டவணையில் இருந்த விதி அடுக்கு மாறாமல் ஒரே எண்ணாக இருக்கும்போது மட்டும்தான் பொருந்தும், அந்த வார்த்தையை நான் மனப்பாடம் செய்யும்போது விட்டுவிட்டேன்.

கூட்டல், கழித்தல் குறியீடு மாறிமாறி வரும் தொடர்களில் இன்னொரு குழி இருக்கிறது. 1 − 1/2 + 1/3 − 1/4 என்று போனால் 0.6931-க்கு வந்து நிற்கும், 2.718-ஐ அடியாக வைத்த 2-இன் லாக். அதே உறுப்புகளை ஒரு கூட்டல், இரண்டு கழித்தல் என்று வரிசை மாற்றி, 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 என்று எழுதுங்கள். 1 − 1/2-ஐயும் 1/3 − 1/6-ஐயும் சேர்த்தால் 1/2 − 1/4 + 1/6 − 1/8 என்று வரும், முன்னதில் சரியாகப் பாதி. ஓர் உறுப்பும் கூடவில்லை, குறையவில்லை, விடை மட்டும் பாதியாகிவிட்டது. இதைப் பார்த்தபோது எனக்குப் பயமாகவே இருந்தது. குறியீட்டோடு ஒருங்கி, குறியீட்டை நீக்கிவிட்டுக் கூட்டினால் விரியும் தொடர் எல்லாமே இப்படித்தான், வரிசையை மாற்றி எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று ரீமான் என்ற கணிதவியலாளர் நிறுவியிருக்கிறார். அதனால் குறியீடு மாறும் தொடரைப் பார்த்தால் முதலில் குறியீட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஒருங்கினால் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். இல்லையென்றால் வரிசையில் கை வைக்காதீர்கள். ஜாமில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கும் கேள்விகள் பத்து வரும், எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தால்தான் இரண்டு மதிப்பெண், பாதி சரிக்கு ஒன்றும் கிடையாது. தொடர்களைப் பற்றிய கேள்வியில் "எப்போதும்" என்று ஒரு விடை இருந்தால் அதை உடைக்க ஓர் எதிர் உதாரணம் கையில் வேண்டும். எனக்கு அந்த வாடகை நோட்டின் கடைசிப் பக்கங்களே எதிர் உதாரணப் பட்டியலாக மாறிவிட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு வாரம் போனது. 1 + 2 + 3 + 4 என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ராமானுஜன் எழுதியது என்பதால் அதை நேரடியாக நம்பி, நான் படித்ததெல்லாம் தப்போ என்று குழம்பிப் போனேன். அவர் 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடும்போதே தன் கோட்பாட்டின்படி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சாதாரணமாகக் கூட்டினால் அந்தத் தொடர் விரியும், அதில் சந்தேகமே இல்லை. விரியும் தொடருக்கும் ஒரு எண்ணைப் பொருத்தும் வேறு முறைகள் இருக்கின்றன, −1/12 அந்த முறைகளில் வருவது. தேர்வுக்குப் படிக்கும்போது ஒருங்குதல் என்றால் பகுதிக் கூடுதல்கள், அதாவது ஒவ்வோர் உறுப்பாகச் சேர்க்கும்போது அதுவரை வரும் கூடுதல்கள், ஓர் எண்ணை நெருங்குவது மட்டுமே என்று பிடித்துக்கொள்ளுங்கள். ராமானுஜனின் அந்த அழகை எம்.எஸ்ஸி.க்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

எனக்கு அந்த நாட்களில் தெம்பு தந்தது மாதவர் என்ற கணிதவியலாளர். 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராமத்தில் வாழ்ந்தவர். 1 − 1/3 + 1/5 − 1/7 என்ற தொடர் π-இல் கால் பங்கு என்பது அவர் வழிவந்தவர்களின் நூல்களில் இருக்கிறது. அதே தொடரைக் கண்ட லைப்னிட்ஸுக்கு இருநூறு வருடத்துக்கும் முன்னால் வாழ்ந்தவர் மாதவர். பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அந்தத் தொடர் ஆமை வேகத்தில் போகும். பத்து உறுப்பு கூட்டி நான்கால் பெருக்கினால் 3.0418, நூறு உறுப்புக்கு 3.1316. அந்த மெத்தனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விட்டுப்போன மீதியைக் கணக்கிட ஒரு திருத்தம் வைத்திருந்தார்கள். பத்து உறுப்போடு நிறுத்தினால் 10/401-ஐச் சேர்க்க வேண்டும், அதாவது உறுப்பு எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தின் நான்கு மடங்கோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். சேர்த்து நான்கால் பெருக்கினேன். 3.14159 வந்தது. வெறும் பத்து உறுப்பில் ஐந்து தசம இடம் சரி. அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டு இந்தக் கணக்கை அங்கே ஒட்டினேன்.

டிசம்பரில் கோச்சிங்கை விட்டுவிட்டேன். பணம் கேட்டேன், ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல்.லின் இலவச வகுப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துத் தனியாகப் படித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்.கே. புரத்தில் இருக்கும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்து போவேன், படியில் நாலு பேர் தமிழில் பேசுவதைக் கேட்டாலே மனசு லேசாகும். தனியாக இருப்பவர்களுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும், அதைப் படிப்புக்குச் செலவாகும் நேரமாக நினைக்காதீர்கள். பிப்ரவரித் தேர்வில் தொடர்கள் சரியாகவே வந்தன, ஆனால் மற்ற பாடங்களுக்கு நேரம் போதவில்லை, இடம் கிடைக்கும் அளவுக்கு ரேங்க் வரவில்லை. அப்போதுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, ஊருக்கு வா, அடுத்த வருஷம் எழுதலாம்" என்றார். சாத்தூரிலிருந்தே படித்து அடுத்த வருடம் எழுதி, டெல்லியிலேயே எம்.எஸ்ஸி. இடம் வாங்கினேன்.

செலவைக் கேட்பீர்கள். கோச்சிங் 44,000. பாதி அறைக்கு மாதம் 8,500 என்று எட்டு மாதம் 68,000. சாப்பாடும் மற்றதும் மாதம் 5,000 என்று 40,000. மொத்தம் 1,52,000, ரயில் டிக்கெட் தனி. இதில் எனக்கு நிஜமாகப் பயன்பட்டது அந்தப் பத்து நாளும் ஒரு வாடகை நோட்டும்தான், அதைச் சாத்தூரிலேயே செய்திருக்கலாம். டெல்லிக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் வருவதற்கு முன் ஊரில் இரண்டு மாதம் உட்கார்ந்து இசைத் தொடர், வர்க்கத் தொடர், ஒரு பெருக்குத் தொடர் மூன்றையும் கையால் கூட்டி முடியுங்கள், அதற்குப் பிறகு எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் அவர்கள் சொல்வது புரியும். புரியாததைக் கேட்கவும் வாய் வரும். அம்மாவின் வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன, வருடாவருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். இப்போது டெல்லி முனிர்காவில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மீட்டுவிட வேண்டும், இன்னும் 11,000 ரூபாய் சேர வேண்டும்.